எந்த லண்டன்?

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. ஒரு பெயரைப் பிழையாக எழுதி அவருக்கு நான் செய்துவைத்த வேலை ஒரு ஆயுளுக்குப் போதும். ஊரில் அவருக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. அதைச் சொல்லலாம்: எந்த லண்டன் காக்கா. எங்கள் பேச்சில் காக்கா என்றால் அண்ணன்.

அந்தப் பட்டத்தை வைத்ததே நான்தான். கல்முனைப் பிரதான வீதியில் கொமினிகேசன் கடை வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி, பாஸ்போட் படம், ஈமெயில், வெளிநாட்டு விண்ணப்பம் எல்லாம் ஒரே மேசையில் நடக்கும். நாட்டில் பெற்றோலுக்கும் காஸுக்கும் சனம் வரிசையில் நின்ற வருடத்திலிருந்து என் கடையிலும் வரிசைதான். எல்லாருக்கும் எங்கேயாவது போய்விடவேண்டும். அந்த எங்கேயாவதுக்கு எங்கள் பக்கத்தில் இரண்டே பெயர். அரபு நாடென்றால் சவூதி, வெள்ளைக்காரன் நாடென்றால் லண்டன். கட்டாரில் லொறி ஓட்டுபவனையும் சவூதியில் இருக்கிறான் என்போம். ஒருவன் நோர்வே போனபோது அவனுடைய உம்மா, மகன் லண்டன் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று சொல்லித்தான் அயலுக்குத் தொதல் இனிப்புக் கொடுத்தனுப்பினார்.

பின்னேரத்தில் அஸர் தொழுதுவிட்டு வந்து கடை வாசலில் கிடக்கும் பிளாஸ்டிக் கதிரையில் அவர் உட்காருவார். ஒல்லியான உடம்பு, வெள்ளைச் சேட், பையில் இரண்டு பேனை. எனக்கும் அவருக்கும் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையிலிருந்து பிளேன்டீ வரும். யாராவது ஒரு தாய் வந்து, மகன் லண்டன் போகப்போகிறான், போமை நிரப்பித் தாருங்கள் என்றால், நான் வாயைத் திறக்கமுன் கதிரைப் பக்கமிருந்து கேள்வி வந்துவிடும்.

"எந்த லண்டன் புள்ள?"

அந்தத் தாய் திகைத்துப்போய் என்னைப் பார்ப்பார். காக்கா பொறுமையாக ஆரம்பிப்பார். லண்டன் என்பது ஒரு பட்டணம். அது இருக்கும் நாடு இங்கிலாந்து. அதற்கு மேலே ஸ்கொட்லாந்து என்று இன்னொரு நாடு. அரசாங்கம் ஒன்றாக இருந்தாலும் அங்கே சட்டம் வேறு, பள்ளிக்கூடம் வேறு, மனிதர்கள் வேறு. ஸ்கொட்லாந்துக்காரரை இங்கிலீசுக்காரன் என்று சொல்லப்படாது, மனம் நோகும். சனத்துக்கு ஸ்கொட்ஸ். சனத்துக்கும் சாமானுக்கும் பொதுவாகச் சொல்வதென்றால் ஸ்கொட்டிஷ். ஸ்கொட்ச் என்பது குடிக்கிற போத்தலுக்கு மட்டும். இந்தக் கடைசிச் சொல்லைச் சொல்லும்போது பள்ளிவாசல் இருக்கும் திசையை ஒருதரம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்துவார். காக்காவுக்கு அந்தச் சொல் மட்டும் நல்ல பழக்கம்போல என்று நான் சீண்டுவேன். அவருக்குக் கோபம் வராது. குடித்துப் பார்த்தால்தான் பெயர் தெரியவேண்டுமா என்று கேட்பார்.

எனக்கு எரிச்சல் வரும், மறைக்கமாட்டேன். பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள், இவர் உலகப்படம் விரிக்கிறார். ஒருநாள் அவர் எழுந்து போனதும், "எந்த லண்டன் காக்கா போயாச்சு, இனி வேலையப் பாப்பம்" என்றேன். வரிசை முழுக்கச் சிரித்தது. பட்டம் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது.

இந்தப் பைத்தியம் அவருக்குப் பிடித்தது சுனாமிக்குப் பிறகு. உப்பேறிய கிணறுகளைத் துப்புரவாக்க வந்த ஒரு பொறியியலாளருக்கு இவர் வேன் ஓட்டினார். தெரிந்த கொஞ்ச இங்கிலீசில் மொழிபெயர்ப்பும் இவர்தான். தண்ணீர்த் தாங்கி திறப்பு விழாவில், ஸ்கொட்ச் பொறியியலாளரை வரவேற்கிறோம் என்று இங்கிலீசில் பெரிதாக எழுதிப் பதாகை கட்டியிருந்தார்கள். மேடையில் பேசியவர் அதற்கு மேலே போய், இங்கிலாந்து தந்த தங்கம் என்றார். அந்த வெள்ளைக்காரர் சிரித்துக்கொண்டுதான் மாலையை வாங்கினார். ஆனால் அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும் தம்பி என்பார் இவர். கொழும்பில் பஸ்ஸில் ஏறினால் எங்களைத் தமிழன் என்று இறக்கிச் சோதிப்பார்கள். தமிழ் ஆட்களிடம் போனால் நீங்கள் தமிழரில்லையே என்பார்கள். அந்த இரண்டு இடத்திலும் நாங்கள் சிரிக்கிற சிரிப்பு அது.

திரும்பி வரும் வழியில் வேனுக்குள் இவர் கேட்டாராம், உங்களை எப்படிச் சொல்வது சரி என்று. அந்த மனிதர் மூன்று சொல்லையும் விளக்கிவிட்டுத் திருப்பிக் கேட்டிருக்கிறார், உங்களை நாங்கள் எப்படிச் சொல்லவேண்டும் என்று. அதுவரை ஒருவரும் இவரிடம் அதைக் கேட்டதில்லை. பிறப்புச் சான்றிதழில் சோனகர், ஊரில் முஸ்லிம், பேசுவது தமிழ் என்று கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுவரை சொல்லிக்கொண்டே வேனை ஓட்டியிருக்கிறார்.

"அந்த மனிசன் கொப்பியில எழுதி எடுத்தாரு தம்பி. எங்கட பேர எழுதி எடுத்தாரு."

மருதமுனைச் சாரன் கதையையும் சொல்லவேண்டும். பச்சையும் நீலமுமாகப் பெரிய கட்டம் போட்ட கைத்தறிச் சாரன் ஒன்று சந்தைக்கு வந்தது. வியாபாரி அதற்கு ஸ்கொட்ச் கட்டம் என்று லேபல் ஒட்டியிருந்தான். இவர் புடவைக்கடைக்குள் புகுந்து, தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு லேபலாக நகத்தால் கிளப்பத் தொடங்கிவிட்டார். வியாபாரி பாய்ந்து வந்தான். இவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. இந்தச் சாரனை உடுத்துக்கொண்டுதான் சனம் தொழப் போகிறது, சாராயப் போத்தலின் பெயரை இடுப்பில் கட்டிக்கொண்டா அல்லாஹ்வுக்கு முன்னால் நிற்பது என்று கேட்டார். வியாபாரி அடங்கிப்போனான். அடுத்த தடவை வந்த கட்டுகளில் ஸ்கொட்டிஷ் கட்டம் என்று இருந்தது. இவர் இரண்டு வாங்கினார். தனக்கொன்று, மகனுக்கொன்று.

மனைவியைப் பற்றி அவர் அதிகம் பேசமாட்டார். கொரோனாக் காலத்தில் அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் மௌத்தானார். அந்த நேரம் கொரோனா என்று எழுதிவிட்டால் எரிப்பதுதான் உத்தரவு. நாங்கள் மண்ணில் வைக்கிறவர்கள். எரிப்பது எங்களுக்கு ஆகாத காரியம். அவர் என் கடையில் உட்கார்ந்து ஒவ்வொரு அலுவலகமாகக் கடிதம் சொன்னார், நான் அடித்தேன். கடைக்கதவு பாதி மூடியிருந்தது, வெளியே ஊரடங்கு. சரியான ஆளுக்குச் சரியான பெயரைப் போட்டு எழுதினால் பதில் வரும் என்பது அவருடைய நம்பிக்கை. ஒரு பதிலும் வரவில்லை. எரித்துவிட்டு, சாம்பலை வாங்க வரச்சொன்னார்கள். அவர் போகவில்லை. எவருடைய சாம்பலோ, எப்படித் தெரியும் என்றார். அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் கதிரையில் உட்கார்ந்தாலும் யாரையும் திருத்தவில்லை. எனக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது. அப்படிப்பட்டவன் நான்.

மகன் ஸ்கொட்லாந்துக்குப் போனபின்தான் மனிதர் மறுபடி உயிர்த்தார். ஒரே பிள்ளை. கொழும்பு ஏஜென்சி ஒன்றின் மூலம் மீன்பிடிக் கப்பலில் வேலை. வடக்குக் கடலில் வலை இழுப்பது, கையெல்லாம் வெடிக்கும் குளிர். மகன் படம் அனுப்பினால் என்னிடம் கொண்டுவந்து காட்டுவார். ஒரு படத்தில் பையன் கப்பல் அறைக்குள் அந்தக் கட்டச் சாரனோடு நிற்கிறான். அங்கேயும் ஆண்கள் விசேஷத்துக்குக் கட்டம் போட்ட பாவாடைதான் உடுப்பார்களாம். கப்பல் தலைவர் இவனைப் பார்த்துவிட்டு, நீயும் ஸ்கொட்ஸ்தான் என்றாராம். அந்தப் படத்தை அவர் என்னிடம் பெரிதாக அச்சடிக்கச் சொன்னார்.

மகன் கடலில் விழுந்த செய்தி எங்களுக்கு வந்தது, விழுந்து எட்டு நாள் கழித்து. மூன்றாம் நாளே உடல் கிடைத்துவிட்டது, அங்கே விசாரணைக்காக வைத்திருக்கிறார்கள், எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று ஏஜென்சிக்காரர்கள் தொலைபேசியில் சொன்னார்கள். எரிப்பார்களா புதைப்பார்களா என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அவர் உடனே கொழும்பு பஸ்ஸில் ஏறினார். பஸ்ஸில் இருந்து எனக்கு அழைத்தார்.

"தம்பி, ஒரு கடிதம் உடன அனுப்போணும். அவனப் பெத்த வாப்பா நான் உயிரோட இரிக்கன், என்ட மகன எரிக்க வேணாம், மண்ணுல வெக்கச் சொல்லி எழுதுங்க. ஸ்கொட்லாந்துல மௌத்து விசாரணைக்கு வேற ஆக்கள், சட்டமும் வேற. தேடிப் பாத்து அவங்களுக்கு அனுப்புங்க. இவன்ட உம்மாக்குத்தான் ஏலாமப் போச்சு."

ஓம் காக்கா, ஓம் என்றேன். பரீட்சை முடிவு வந்திருந்த வாரம் அது. பல்கலைக்கழக விண்ணப்பத்துக்குப் பிள்ளைகள் வீதிவரை நிற்கிறார்கள். கடிதத்தை நன்றாகத்தான் அடித்தேன். அழுதுகொண்டே அடித்தேன் என்றும் சொல்லவேண்டும். பிறகு, மௌத்து விசாரணை அலுவலகம் எது என்று தேடினேன். தேடும் பெட்டியில் என் விரல் லண்டன் என்று அடித்தது. முதலில் வந்த முகவரிக்கு அனுப்பிவிட்டு, அனுப்பியாச்சு காக்கா என்று அவருக்குச் செய்தியும் போட்டேன். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம். அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன்.

கொழும்பில் ஏஜென்சிக் கதவு பூட்டிக் கிடந்தது. இரண்டு நாள் வாசலில் இருந்துவிட்டு அவர் திரும்பிவந்தார். வந்த கையோடு கடைக்கு வந்து, எந்த இடத்துக்கு அனுப்பினீங்க தம்பி என்று கேட்டார். சரியான இடத்துக்குத்தான் என்றேன். திறந்து பார்த்துச் சொல்லியிருக்கலாம். திறக்கவில்லை. என்னுடைய சொல்லே அவருக்குப் போதுமாக இருந்தது.

கிடைத்தது என்று, எந்த இடமென்று சொல்லாத ஒரு தானியங்கிப் பதில் மட்டும் வந்திருந்தது. மற்றபடி ஒன்றுமில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் நான் கடை திறக்கமுன் அவர் வாசலில் நிற்பார். ஈமெயில் பெட்டியைத் திறந்து காட்டுவேன். தொலைபேசியில் அழைத்துப் பார்ப்போமா என்றார். பெரிய அலுவலகம், தொந்தரவு கொடுத்தால் கோபிப்பார்கள் என்று நான் தடுத்தேன். பள்ளிவாசல் தலைவர் வந்து, தூரத்தில் மௌத்தானவருக்கு இங்கிருந்தே தொழும் காயிப் தொழுகையை நடத்திவிடுவோம் என்று கேட்டுப் பார்த்தார். என் பிள்ளை எங்கே வைக்கப்பட்டான் என்று தெரியாமல் தொழமாட்டேன் என்றார் காக்கா. அந்த நாட்களில் அவர் சாப்பிட்டதை நான் பார்க்கவில்லை. பிளேன்டீ ஆறிக் கிடக்கும். ஒரு தரம் மட்டும் சொன்னார்.

"அவங்க பதில் போடுவாங்க தம்பி. ஸ்கொட்டிஷ் ஆக்கள் பதில் போடாம இரிக்க மாட்டாங்க."

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. மிகவும் மரியாதையான கடிதம். உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம், எங்கள் அதிகாரம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டுமே, ஸ்கொட்லாந்தின் சட்டம் தனியானது, அங்கே விசாரிக்கும் அலுவலகத்தின் முகவரி இது. அவர் என் தோளுக்கு மேலால் குனிந்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். மெதுவாகத்தான் வாசிப்பார், ஆனால் பிழையில்லாமல் வாசிப்பார். மேலே, நான் அனுப்பிய முகவரியில், லண்டன் என்று இருந்தது. அவருடைய விரல் அந்தச் சொல்லில் வந்து நின்றது.

அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். என் தலையில் இடி விழட்டும், கேட்டுவிடட்டும் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. விரலை எடுத்துக்கொண்டு கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டார்.

"சரி. இப்ப சரியான ஆளுக்கு எழுதுவம்."

அவரே ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்க்க, கடிதம் போனது. மறுநாள் பின்னேரம் பதில் வந்துவிட்டது. ஒரே நாளில். எழுதியவர் ஒரு பெண். குடும்பத்தின் சார்பாகத் தகனத்துக்குச் சம்மதம் என்று சொல்லி ஏஜென்சி ஒப்பமிட்ட கடதாசி தங்களுக்குக் கிடைத்ததாகவும், குடும்பத்திடமிருந்து வேறு வேண்டுகோள் எதுவும் வந்துசேராததால் போன வியாழக்கிழமை உடல் தகனம் செய்யப்பட்டதாகவும் எழுதியிருந்தார். உங்கள் கடிதம் முன்பே கிடைத்திருந்தால் கட்டாயம் அதன்படி செய்திருப்போம், எங்கள் இதயபூர்வமான வருத்தம் என்று இருந்தது. சாம்பல் பத்திரமாக இருக்கிறது, என்ன செய்யவேண்டும் என்று கேட்டிருந்தார். கூடவே உடைமைகளின் பட்டியல்: கைபேசி ஒன்று, மணிக்கூடு ஒன்று, கட்டம் போட்ட பருத்தித் துணி ஒன்று.

போன வியாழன், ஒன்பது நாளில் ஐந்தாவது நாள். கணக்குப் பார்க்க எனக்கு விரல் தேவைப்படவில்லை. அவருக்கும் தேவைப்படவில்லை.

அவர் என் பக்கம் திரும்பி, "பதில் போட்டாங்க பாத்தீங்களா தம்பி" என்றார். "நான் சொன்னன் தானே, போடுவாங்கண்டு." அதற்குப் பிறகுதான் உடைந்தார். மேசையில் தலையை வைத்து, வாயில் சேட் கையைத் திணித்துக்கொண்டு அழுதார். வரிசையில் நின்ற பெண்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போனார்கள். நான் அவருடைய காலைப் பிடித்தேன். அவர் என்னைத் தூக்கவுமில்லை, தள்ளவுமில்லை. என் கை அவருடைய காலில் இருப்பது அவருக்குத் தெரிந்ததோ என்னவோ.

மஃரிப் தொழுகைக்கு முன் முகத்தைக் கழுவிவிட்டு வந்து கடைசிக் கடிதத்தைச் சொன்னார். சாம்பலை இங்கே அனுப்பவேண்டாம், கடலிலும் போடவேண்டாம், அவர்களுடைய மண்ணிலேயே புதைக்கட்டும். அந்தத் துணியில் சுற்றிப் புதைக்கட்டும். துணி என்று வந்த இடத்தில் நான் நிறுத்தினேன். அது சாரன் காக்கா, சரியான பெயரைப் போட்டு, எங்கள் ஊரில் நெய்தது என்று எழுதட்டுமா என்று கேட்டேன். வாழ்நாளில் முதன்முறையாக ஒரு பெயரைச் சரியாக எழுதவேண்டும் என்று எனக்கு வெறியே வந்திருந்தது.

"வேணாம். அவங்க எழுதின பேரையே எழுதுங்க," என்றார். "அவங்களுக்கு விளங்கினாப் போதும்."

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பின் காயிப் தொழுகை. அதற்கு முன் காலையில் ஒலிபெருக்கியில் மௌத்து அறிவித்தல் போடவேண்டும். யாருடைய மகன், எந்த இடத்தில் மௌத்து என்று சொல்வது ஊர் வழக்கம். அவரோடு நானும் பள்ளிவாசலுக்குப் போனேன். பாங்கு சொல்லும் மோதினாரும் அவரிடம் பலமுறை திருத்தம் வாங்கியவர்தான். அதனால் பிழைபோகக் கூடாதென்று கடதாசியில் ஸ்கொட்லாந்து என்று பெரிய எழுத்தில் எழுதிவைத்து, சரிதானே காக்கா என்று காட்டினார்.

அவர் கடதாசியை வாங்கிப் பார்த்தார். நான் சுவரோடு ஒட்டி நின்றேன். ஸ்கொட்லாந்து என்று ஊர் கேட்டால் ஊர் பேசும். கடிதம் ஏன் லண்டனுக்குப் போனது, யார் அனுப்பியது என்று பேசும். அது என் கடைவரை வரும். அவர் பையிலிருந்து பேனையை எடுத்து அந்தச் சொல்லை வெட்டினார்.

"லண்டன் எண்டே சொல்லுங்க," என்றார். "சனத்துக்கு விளங்கும்."

என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. மோதினார் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். பிறகு ஒலிபெருக்கியைத் திறந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, கடற்கரைவரை கேட்கும்படி லண்டன் என்று சொன்னார்.